எரிமருந்தா, களைக்கொத்தா? மூளையையும் கணக்கில் சேர்த்து ஓர் ஒப்பீடு

ஐப்பசியில் இரண்டு உழவு மழை பெய்துவிட்டால் போதும். இராமநாதபுரம் மாவட்டத்தில் முதுகுளத்தூர், கடலாடி பக்கத்துக் கரிசலில் மிளகாய் தலைகாட்டும் முன்பே கோரையும் சாரணையும் மண்ணை மூடிவிடும். திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் புழுதி விதைப்பு நெல்லுக்குள் குதிரைவாலிப் புல் நெல்லோடு நெல்லாக நின்று ஏமாற்றும். அந்த வாரத்தில் எடுக்கிற முடிவு பெரும்பாலும் கூலிக் கணக்கு. ஏக்கருக்குப் பன்னிரண்டு, பதினைந்து ஆள் கூலி ஒரு தட்டில், ஒரு புட்டி களைக்கொல்லியின் விலை மறு தட்டில். புட்டிதான் எப்போதும் ஜெயிக்கும்.

இந்தத் தராசில் ஏறாத செலவு ஒன்று உண்டு. இருபது, முப்பது ஆண்டு கழித்து வரக்கூடிய பார்க்கின்சன் நோய், அதாவது நடுக்குவாதம். அதையும் ஏற்றினால் எந்த வழி நிற்கிறது, எது விழுகிறது என்று பார்ப்பதுதான் இங்கே நோக்கம். முதலில் களை, பிறகு மிளகாய்ச் சுருட்டை, கடைசியில் மருந்து அடித்தே ஆகவேண்டியவருக்கு என்ன வழி என்பது.

சந்தேகம் எங்கிருந்து வந்தது

நடுமூளையில் கருநிறமாக இருக்கும் ஒரு சிறு பகுதியில் டோபமைன் சுரக்கும் நரம்பணுக்கள் இருக்கின்றன. அவை சாகச் சாகத்தான் நடுக்கம், விறைப்பு, நடைத் தளர்ச்சி எல்லாம். கை ஆடுவது வெளியே தெரியும்போது அந்த அணுக்களில் ஏறக்குறைய பாதியோ அதற்கு மேலோ போயிருக்கும். ஆகவே மருந்து அடித்த ஆண்டும் நோய் தெரியும் ஆண்டும் ஒன்றாக இருக்காது. "நான் முப்பது வருசமா அடிக்கிறேன், ஒண்ணும் ஆகல" என்ற பேச்சுக்கு இந்த விஷயத்தில் மதிப்புக் குறைவு.

1982-ல் கலிபோர்னியாவில் கள்ளத்தனமாகத் தயாரித்த போதை ஊசியைப் போட்டுக்கொண்ட சில இளைஞர்கள், முற்றிய நடுக்குவாத நோயாளிகளைப் போல அசையமுடியாமல் உறைந்துபோனார்கள். ஊசியில் கலந்திருந்த எம்.பி.டி.பி. என்ற பொருள் உடம்புக்குள் மாறி உருவாகும் நஞ்சின் மூலக்கூறு, பாராகுவாட் என்ற களைக்கொல்லியின் மூலக்கூறை அச்சில் வார்த்தது போல ஒத்திருந்தது. ஆராய்ச்சியாளர்கள் களைக்கொல்லிப் பக்கம் திரும்பியது அங்கிருந்துதான். 2000-ல் ரொட்டினோன் என்ற பூச்சிக்கொல்லியைத் தொடர்ந்து கொடுத்த எலிகளுக்கு அதே மூளைப்பகுதி அழிந்தது. ரொட்டினோன் தெரிஸ் கொடியின் வேரிலிருந்து எடுப்பது. சுத்தமான "இயற்கை மருந்து". செடியிலிருந்து வந்தது என்பதாலேயே ஒன்றை நம்பிவிடக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மனிதர்களிடம் பார்த்த கணக்குகளில் முக்கியமானது 2011-ல் வெளிவந்தது. அமெரிக்காவின் அயோவா, வட கரோலினா மாநிலங்களில் மருந்தடிக்கும் உரிமம் பெற்றவர்களையும் அவர்களின் துணைவர்களையும் ஆராய்ந்ததில், பாராகுவாட் அல்லது ரொட்டினோன் கையாண்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு சுமார் இரண்டரை மடங்கு. அதற்கு முன் 2009-ல், கலிபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கில் வீட்டிலிருந்து 500 மீட்டருக்குள் பாராகுவாட்டும் மானெப் என்ற பூஞ்சணக்கொல்லியும் தெளிக்கப்பட்ட இடங்களில் வாழ்ந்தவர்களுக்கு வாய்ப்பு 75 சதவீதம் கூடியிருந்தது. எதிர்ப்பக்கமும் இருக்கிறது. 2020-ல் அந்த அமெரிக்க விவசாயிகள் குழு முழுவதையும் மறுபடி பார்த்தபோது பாராகுவாட்டுக்கு மொத்தத்தில் தெளிவான தொடர்பு தெரியவில்லை. முன்பு தலையில் பலமாக அடிபட்டவர்களிடம் மட்டும் தெரிந்தது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்குகள் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி பழக்கத்துக்குப் பொதுவாக ஒன்றரை மடங்கு என்ற அளவில் நிற்கின்றன. அல்சைமர் போன்ற மற்ற மூளைத் தேய்வு நோய்களுக்கு இந்த அளவு வலுவான சான்று இல்லை. அதனால் அவற்றை இங்கே கணக்கில் சேர்க்கவில்லை.

மடங்குக் கணக்கு மட்டும் பயமுறுத்தும். அறுபதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு ஒருவர் அளவில் இந்த நோய் எப்படியும் வருகிறது. இரண்டரை மடங்கு என்றால் நூற்றுக்கு இரண்டு அல்லது மூன்று பேர். மருந்து தொட்டவர்களுக்கெல்லாம் வந்துவிடாது. ஆனால் மாற்று வழி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, இந்த மூன்று பேரில் ஒருவராக இருக்கச் சம்மதிப்பது வீண்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். புட்டியில் இருக்கும் முக்கோண நிறம் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்பது உடனடியாகக் கொல்லும் திறனின் அளவு மட்டுமே. பாராகுவாட்டும் குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிக்கொல்லியும் மஞ்சள். மாங்கோசெப் பச்சை, ஆனால் அது மேலே சொன்ன மானெப்பின் உடன்பிறப்பு, இரண்டிலும் மாங்கனீசு இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2020-ல் மாங்கோசெப்புக்கு அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. மிளகாய்ப் பழ அழுகலுக்கு இங்கே கண்ணை மூடிக்கொண்டு வாங்குவது இதைத்தான்.

களைக்கு நான்கு வழிகள்

முதல் வழி பாராகுவாட், ஊரில் "எரிமருந்து". அதன் ஈர்ப்பைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. வெயில் இருக்கும் நாளில் காலையில் அடித்தால் சாயங்காலத்துக்குள் களை வாடிக் கருகும். மண்ணில் பட்டதும் களித்துகளோடு இறுகிப் பிடித்துக்கொள்வதால் உடனே விதைக்கலாம், வேர் வழியாகப் பயிருக்குப் போகாது. ஊருணி, கிணற்று நீருக்குள் எளிதில் இறங்குவதும் இல்லை.

இராமநாதபுரத்தில் அது தோற்பதும் அதே குணத்தால்தான். தெளிக்க எடுக்கும் தண்ணீர் பெரும்பாலும் கலங்கிய கண்மாய்த் தண்ணீர். அந்தக் களித்துகள் டேங்குக்குள்ளேயே மருந்தைப் பிடித்துக்கொள்ளும். இலையில் விழும்போது பாதி செத்துப்போன மருந்துதான் விழுகிறது. "போன வருசம் மாதிரி கேக்கல" என்று அடுத்த டேங்குக்கு அளவைக் கூட்டுவார்கள். கூடுவது கைக்குப் படும் அளவுதான். கோரைக்கு மேல்தோகை மட்டும் கருகும், மண்ணுக்குள் கிழங்கு அப்படியே இருக்கும், இரண்டு வாரத்தில் மறுபடி பச்சை. ஆகவே இரண்டாவது தடவை அடிக்க வேண்டிவரும். பாராகுவாட்டுக்கு இந்தியாவில் அனுமதி பெற்ற பயிர்ப் பட்டியலில் மிளகாய் இல்லை என்பதும் கவனிக்க வேண்டியது.

செடியை அது கொல்லும் விதமும் உடம்பை அது தாக்கும் விதமும் வேறு வேறு இல்லை. இலையில் ஒளிச்சேர்க்கையின்போது ஓடும் மின்னணுவைப் பறித்து ஆக்சிஜனுக்குக் கொடுத்து, அதை அரிக்கும் வடிவமாக மாற்றுகிறது. பிறகு மறுபடி பறிக்கிறது. தான் தீர்ந்துபோகாமலே இதைத் திரும்பத் திரும்பச் செய்யும். ஏற்கெனவே ஆக்சிஜன் அரிப்போடு வாழும் டோபமைன் அணுக்களுக்கு இது கூடுதல் சுமை. நல்ல தோல் அதைப் பெரும்பாலும் தடுத்துவிடும். சீமைக்கருவேல முள் கீறிய கை, பித்தவெடிப்புக் கால், நகக்கண் புண் தடுக்காது. வாய்க்குள் போனால் மாற்று மருந்து கிடையாது.

சுவிட்சர்லாந்து இதை 1989-லேயே நிறுத்தியது. ஐரோப்பாவில் 2007-ல் நீதிமன்றம் அனுமதியை ரத்து செய்தது. கேரளம் 2011-ல் தடை செய்தது, தாய்லாந்து 2020-ல். நமக்கு மிகவும் நெருக்கமான எடுத்துக்காட்டு பாக் நீரிணைக்கு அக்கரையில். இலங்கை 2008 முதல் 2011 வரை படிப்படியாக நிறுத்தியது. முதன்மைக் காரணம் தற்கொலைச் சாவுகள், அவை குறைந்தன. விளைச்சல் அதனால் சரிந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. அங்கேயும் மானாவாரி நெல், அங்கேயும் கோரை. இங்கே முடியாது என்று சொல்வதற்கு வாதம் மெலிகிறது.

இரண்டாவது வழி கிளைபோசேட். கோரைக் கிழங்குவரை இறங்கும் என்பதுதான் அதன் பெருமை. நடுக்குவாதத் தொடர்புக்கு அதன்மேல் உள்ள சான்று பாராகுவாட்டைவிட மெலிது. புற்றுநோய்ப் பக்கம் 2015-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகமை "உண்டாக்க வாய்ப்புள்ளது" என்று வகைப்படுத்தியது, அந்த வாதம் இன்னும் நடக்கிறது. ஆனால் 2022 அக்டோபரில் வந்த மத்திய அரசு ஆணைப்படி பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் உரிமம் பெற்றவர்கள் மட்டுமே இதைத் தெளிக்கலாம். சம்சாரி, அதாவது விவசாயி, தானே அடிப்பது சட்டப்படி வழியே இல்லை. அது போக, கடலோர ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பும் மெக்னீசியமும் கிளைபோசேட்டைப் பிடித்து முடக்கும். சாயல்குடி, தேவிபட்டினம் பக்கத்துத் தண்ணீரில் கலந்துவிட்டு "போலி மருந்து" என்று கடைக்காரரைத் திட்டுவதில் பாதி இந்த வேதியியல்தான்.

மூன்றாவது வழி, தேர்ந்து கொல்லும் மருந்து ஒரே ஒரு தடவை, மீதி கையால். மிளகாய்க்குப் பெண்டிமெத்தலின் 30 ஈ.சி. (எண்ணெய்க் கரைப்பானில் கரைத்த ரகம்), ஏக்கருக்கு 1.3 லிட்டர், 200 லிட்டர் தண்ணீரில், விதைத்து அல்லது நட்டு மூன்று நாளுக்குள், மண்ணில் ஈரம் இருக்கும்போது. ஈரமில்லாத மண்ணில் அடித்தால் வெயிலில் ஆவியாகியும் சிதைந்தும் வீணாகும். மழையை எதிர்பார்த்து முன்கூட்டி அடிப்பவர்கள் ஏமாறுவது இதில்தான். பிறகு முப்பதாம் நாள் ஒரு கைக்களை. நேரடி நெல் விதைப்பில் புல்வகைக் களைக்குப் பிஸ்பைரிபேக் சோடியம் 10 எஸ்.சி. (தண்ணீரில் நுண்துகளாக மிதக்கும் ரகம்), ஏக்கருக்கு 80 முதல் 100 மி.லி., களை இரண்டு முதல் நான்கு இலைப் பருவத்தில். அதைத் தாண்டினால் குதிரைவாலி சிரித்துக்கொண்டு நிற்கும். அடிக்கும்போது வயலில் நீர் வடிந்து களை முழுக்க வெளியே தெரிய வேண்டும், இரண்டு நாளில் மறுபடி நீர் கட்டவேண்டும். மானாவாரியில் இந்த இரண்டாவது பாதி வானத்தின் கையில்.

பெண்டிமெத்தலின் அப்பழுக்கற்றது என்று சொல்லமுடியாது. 2020-ல் மத்திய அரசு தடைக்கு முன்மொழிந்த 27 மருந்துகளில் அதுவும் ஒன்று, பிறகு நீக்கப்படாமல் தொடர்கிறது. ஆனால் பருவத்துக்கு ஒரு தடவை என்ற இடத்தில் நிற்பதே பெரிய லாபம். அதில் ஒரு விசித்திர நன்மையும் உண்டு: அது மஞ்சளாகக் கறை படியும், சோப்புப் போட்டாலும் போகாது. அடித்து முடித்து மஞ்சள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மணிக்கட்டிலா, முதுகுக்கு நடுவிலா, தொடையிலா? மற்ற நிறமில்லாத மருந்துகளும் தினமும் அங்கேதான் படுகின்றன.

நான்காவது வழி வரிசை விதைப்பும் சக்கரக் களைவெட்டியும். எங்கள் ஓட்டு இதற்கு, ஆனால் நிபந்தனைகளோடு. வீசி விதைத்த காட்டுக்குள் எந்தக் கருவியும் போகாது; ஆகவே முடிவு களை முளைத்தபின் எடுப்பதில்லை, விதைக்கும் நாளில் எடுப்பது. டிராக்டர் விதைப்புக் கருவியில் நெல்லை 20 செ.மீ. வரிசையில், ஏக்கருக்கு 30 கிலோ அளவில் விதைத்தால் 15 செ.மீ. அலகு உள்ள களைவெட்டி நடுவே போய்வரும். மிளகாய்க்கு 45 செ.மீ. வரிசை கைக்கருவிக்குப் போதும். பெட்ரோல் பவர் வீடர் என்றால் 60 வேண்டும். ஒருவர் ஒரு நாளில் கால் முதல் அரை ஏக்கர் ஓட்டலாம்.

இதில் கோளாறு இரண்டு. கரிசல் நனைந்திருந்தால் அலகில் அப்பும், காலில் அப்பும், ஒரு அடி நகராது. காய்ந்தால் கட்டி பெயர்ந்து பயிரும் சேர்ந்து வரும். மழை விட்டு மூன்றாம், நான்காம் நாள், பிடித்தால் உதிரும் பதத்தில் கிடைக்கும் இரண்டு நாள்தான் வாய்ப்பு. வாடைக்காற்றோடு அடைமழை பிடித்துக்கொள்ளும் வருசத்தில் அந்த இரண்டு நாள் வராமலே போகலாம். அப்போது மூன்றாவது வழிக்கு மாறுவதில் தப்பில்லை. இன்னொன்று, செடிக்கும் செடிக்கும் இடையே வரிசைக்குள் நிற்கும் களைக்குக் களைக்கொத்தோடு ஆள் வேண்டும். ஆனால் பன்னிரண்டு பேர் நான்கு பேராகக் குறையும். முதல் ஓட்டம் இருபதாம் நாளுக்குள்; களை ஒரு சாணுக்கு மேல் போய்விட்டால் கருவி அதை மடக்கிப் படுக்கவைக்குமே தவிர வெட்டாது. மண்டபம், உச்சிப்புளி மணல் நிலத்தில் இந்தப் பதச் சிக்கலே இல்லை, எந்த நாளும் ஓட்டலாம்.

கோரைக்கு மருந்தைவிடச் சித்திரை வெயில் மேல். கோடை மழைக்குப் பிறகு ஆழ உழுது கிழங்கைப் புரட்டி இரண்டு வாரம் காயவிடுவது, பருவத்தில் ஒரு டேங்க் மருந்தை மிச்சப்படுத்தும்.

ஆக, மூன்று ஏக்கருக்குள் வைத்திருப்பவருக்கு வரிசை விதைப்பு; அதற்கு மேல் இருந்து ஆள் கிடைக்காதவருக்குப் பெண்டிமெத்தலின் ஒரு தடவையும் பவர் வீடரும். எரிமருந்து எந்த அளவு நிலத்துக்கும் தேவையில்லை என்பது எங்கள் கணிப்பு. வரப்புப் புல்லுக்கு அரிவாளோ பெட்ரோல் புல்வெட்டியோ போதும்.

மிளகாய்ச் சுருட்டை: எண்ணிக்கையைக் குறைப்பதே மருந்து

களைக்கு ஒன்றிரண்டு தடவைதான் தெளிப்பு. முண்டு மிளகாயில் சுருட்டைக்கு எட்டுப் பத்துத் தடவை அடிப்பவர்கள் உண்டு. மூளைக்கு வரும் சுமையில் பெரும்பகுதி இங்கே. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய் என்பதால் எஞ்சிய நஞ்சுக் கேள்வியும் சந்தையில் வருகிறது.

முதலில் இலையைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். ஓரம் மேல்நோக்கிச் சுருண்டு படகு போல இருந்தால் இலைப்பேன். கீழ்நோக்கிச் சுருண்டு கவிழ்த்த படகு போல, இலைக்காம்பு நீண்டு இருந்தால் மஞ்சள் சிலந்தி. இரண்டுக்கும் ஒரே மருந்து கேட்காது. சிலந்தி இருக்கும் காட்டில் பைரித்ராய்டு வகையோ இமிடாகுளோபிரிட்டோ அடித்தால் அதைத் தின்னும் நல்ல பூச்சிகள் சாகும், சிலந்தி பெருகும், "சுருட்டை அடங்கல" என்று அடுத்த புட்டி வரும். பல காடுகளில் பத்துத் தடவை ஆவது நோய் முற்றியதால் இல்லை, மருந்து மாறியதால்.

சிலந்திக்குக் கடையில் கிடைப்பவற்றை மூளைப் பக்கமிருந்து தரம் பிரித்தால் இப்படி வரும். டைகோபால் 2023-ல் தடையாகிவிட்டது. பழைய சரக்கு கையில் இருந்தால் வேண்டாம். புரப்பர்கைட் இன்னும் விற்பனையில் இருக்கிறது. 2023-ல் வெளிவந்த கலிபோர்னிய ஆய்வு ஒன்றில், நோயாளிகளின் திசுவிலிருந்து வளர்த்த டோபமைன் அணுக்களைக் கொன்ற பத்து மருந்துகளில் டைகோபாலும் புரப்பர்கைட்டும் இருந்தன, மயில்துத்தமும் இருந்தது. பென்பைராக்சிமேட்டும் பெனசாகுயினும் பூச்சியைக் கொல்லும் விதம் ரொட்டினோனைப் போன்றது. அணுவின் ஆற்றல் கூடத்தில் முதல் கண்ணியை அறுப்பது. மனிதருக்கு நோய் தந்ததாகச் சான்று இல்லை, ஆனால் வேறு வழி இருக்கும்போது இந்த வகையைக் கையில் எடுக்கக் காரணமும் இல்லை. நனையும் கந்தகம் 80 சதவீதம், லிட்டருக்கு 3 கிராம், முதல் தேர்வு. 35 டிகிரிக்கு மேல் வெயிலில் அடித்தால் இலை கருகும், எண்ணெய் மருந்து அடித்த இரண்டு வாரத்துக்குள்ளும் கருகும். அது அடங்காத இடத்தில் ஸ்பைரோமெசிபென் 22.9 எஸ்.சி., ஏக்கருக்கு 160 மி.லி.

இலைப்பேனுக்கு வேப்பங்கொட்டைப் பருப்புச் சாறு 5 சதவீதம். ஏக்கருக்குப் பத்து கிலோ பருப்பு. மூன்று மாதத்துக்குக் குறையாத, எட்டு மாதத்தைத் தாண்டாத கொட்டையாக இருக்கவேண்டும். அதற்கு முன்னும் பின்னும் அசாடிராக்டின் போதாது. இடித்து இருபது லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, துணியில் வடிகட்டி, 200 லிட்டராக்கி, சலவைத்தூளைக் குழைத்துச் சேர்த்து, பிற்பகல் மூன்றரை மணிக்கு மேல் அடிக்கவேண்டும். காலையில் அடித்தால் வெயில் அதைச் சிதைத்துவிடும். வடிகட்டல் மோசமானால் நாசில் அடைக்கும். அடைத்தால் வாய் வைத்து ஊதுவார்கள். வேப்பஞ்சாற்றில் அது போகட்டும், நாளைக்கு வேறு மருந்திலும் அதே பழக்கம் வரும். பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்றை டேங்கில் கட்டித் தொங்கவிட்டால் தீர்ந்தது.

மிளகாயோடு வெங்காயத்தைக் கலந்து போடுவதை நிறுத்தினாலே இலைப்பேன் குறையும், இரண்டும் அதற்கு விருந்து. இடையிடையே அகத்தி வரிசை, நீல நிற ஒட்டுப்பொறி உதவும். நிலத்தில் விரிக்கும் பிளாஸ்டிக் மூடாக்கு சொட்டுநீர் இருந்தால்தான் சரிவரும். மானாவாரிக்காரர் அதில் பணம் போடவேண்டாம்.

காய்ப்புழுவுக்கு இன்னும் குளோர்பைரிபாஸ் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். 2025-ல் அது உலக அளவில் நீக்கவேண்டிய நஞ்சுகளின் ஸ்டாக்ஹோம் பட்டியலில், சில விதிவிலக்குகளோடு, ஏறிவிட்டது. தோல் வழியாகவும் உள்ளே போகும் ரகம். இதை விடுவதில் யோசிக்க ஒன்றுமில்லை.

கையுறையா, டிரோனா?

அடித்தே ஆகவேண்டும் என்ற நிலையில் மூன்றில் ஒன்றைத் தேர்வார்கள்: பாதுகாப்பு உடை, டிரோன், அல்லது கூலிக்கு ஆள்.

முழு உடை இங்கே நடக்காது. தை மாதக் காலையிலும் கடலோரப் புழுக்கத்தில் பிளாஸ்டிக் அங்கிக்குள் அரைமணி நேரம் நிற்க முடியாது. வெப்பத் தாக்கு உடனே வரும், நடுக்குவாதம் இருபது வருசம் கழித்துத்தான் வரும். எல்லாவற்றையும் போடச் சொன்னால் எதையும் போடமாட்டார்கள். பலன் எங்கே அதிகமோ அங்கே மட்டும் போடுவது மேல். அது கை, அதிலும் டேங்கில் ஊற்றும் அந்த இரண்டு நிமிடம். புட்டியில் இருப்பது நீர்க்காத சரக்கு, தெளிப்பதைவிட நூறு மடங்குக்கும் மேல் கெட்டி. முன்சொன்ன அமெரிக்கக் குழுவில் 2015-ல் பார்த்தபோது, பாராகுவாட் கையாண்டும் பெரும்பாலான நேரம் கையுறை போட்டவர்களிடம் நோய்த் தொடர்பு தெரியவில்லை, போடாதவர்களிடம் தெரிந்தது.

கையுறை என்றால் நைட்ரைல், தடித்தது, முழங்கைக்குப் பாதிவரை வருவது. துணிக் கையுறை வெறுங்கையைவிட மோசம், மருந்தை உறிஞ்சித் தோலோடு ஒட்டி வைத்திருக்கும். ஆஸ்பத்திரி மெல்லிய ரப்பர் ஈ.சி. மருந்தின் கரைப்பானில் சீக்கிரம் பிசுபிசுக்கும். கழற்றும் முன் கையுறையோடு சோப்புப் போட்டுக் கழுவி, பிறகு கழற்றவேண்டும். இல்லாவிட்டால் கழற்றும்போதே பூசிக்கொள்வீர்கள். முதுகுக்கும் டேங்குக்கும் நடுவே ஒரு ரெக்சின் துண்டு. கால்சட்டை பூட்சுக்கு வெளியே. நடந்த வழி நனைந்த செடிக்குள் போகாமல் இருக்க, காற்று போய்ச் சேரும் கோடியில் தொடங்கி, காற்று வரும் திசை நோக்கி, அடிக்காத பக்கம் நகர்ந்துகொண்டே போகவேண்டும். பருவத்தில் வாடை வடகிழக்கிலிருந்து வரும். ஆகவே தென்மேற்கு மூலையில் தொடங்கினால் மருந்துப் புகை உங்கள் பின்னால் போகும். கடற்காற்று எழும் முன், காலை ஒன்பதுக்குள் முடித்துவிட வேண்டும். சாதாரணத் துணி முகமூடி துளியைக்கூட முழுதாகத் தடுக்காது, ஆவியை அறவே தடுக்காது.

டிரோன் நனைந்த செடிக்குள் நடக்கும் வேலையை அடியோடு நீக்குகிறது, அது பெரிய நன்மை. ஆனால் கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 200 லிட்டரில் கலப்பதை அது பத்து லிட்டரில் கலக்கிறது. டேங்கில் இருப்பது இருபது மடங்கு கெட்டி. ஊற்றுகிறவருக்கும் காற்றோட்டத்தில் பக்கத்துக் காட்டில் நிற்பவருக்கும் கணக்கு மாறுகிறது. கடற்கரைக்கு ஒரு மைலுக்குள் காற்று நிற்காத இடங்களில் டிரோனுக்குக் காலை ஏழு மணிக்கு முந்திய நேரம் மட்டும்.

தெளிப்பானை ஊருணியில் கழுவுவது எந்த வழியைத் தேர்ந்தாலும் எல்லாவற்றையும் கெடுக்கும். கழுவிய தண்ணீரை அடித்த காட்டிலேயே தெளித்துவிடலாம். காலிப் புட்டியை மூன்று முறை அலசி, அலசியதை டேங்கிலேயே ஊற்றி, புட்டியில் ஓட்டை போட்டுவிட வேண்டும். மண்ணெண்ணெய் வைக்க அது அழகான புட்டிதான், அதனால்தான் ஓட்டை. அடித்த உடுப்பைத் தனியாகத் துவைப்பதும் மறக்கக் கூடாதது. வீட்டுப் பெண்களுக்கு மருந்து படுவது பெரும்பாலும் துவைகல்லில்.

கூலிக்கு அடிப்பவர்

கடைசி வழியான கூலி ஆள், நிலக்காரருக்கு மிகவும் பாதுகாப்பானது. அவர் பருவத்தில் ஆறு நாள் அடிப்பார். கூலிக்கு அடிப்பவர் ஊர் ஊராக அறுபது நாள். மருந்து படும் நாள் கூடக் கூட ஆபத்தும் கூடும் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். நிலம் இல்லாத அந்த ஒருவர்மேல்தான் மொத்தச் சுமையும் இறங்குகிறது, எந்த மருந்து என்று முடிவெடுப்பதும் அவர் இல்லை. கூலிக்கு அழைக்கும்போது கலக்கும் வேலையை நிலக்காரர் தன் கையுறையோடு செய்வதும், எரிமருந்தைப் பட்டியலில் இருந்து எடுத்துவிடுவதும் சுமையைப் பங்கிடும் எளிய ஏற்பாடு.

நெடுநாள் அடித்தவர்கள் கவனிக்க வேண்டியவை நடுக்கத்துக்கு முன்பே வரும்: கருவாட்டு வாசனைகூடத் தெரியாமல் மூக்கு மந்தமாவது, தீராத மலச்சிக்கல், தூக்கத்தில் கத்துவது, கை கால் வீசுவது, கையெழுத்து வரவரச் சிறுத்துப்போவது, நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாமல் இருப்பது. ஒவ்வொன்றும் தனியாக வேறு காரணத்தாலும் வரும். இரண்டு மூன்று சேர்ந்தால் பார்க்கவேண்டும். சும்மா மடியில் வைத்திருக்கும்போது ஆடும் கை இந்த நோயின் அடையாளம். டம்ளரைத் தூக்கும்போது மட்டும் ஆடுவது பெரும்பாலும் வேறு. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு இருக்கிறது. லெவோடோபா மாத்திரை நோயை நிறுத்தாது, ஆனால் பல ஆண்டுகள் வேலை செய்யவைக்கும்.

பிரான்சில் 2012 முதல் மருந்தடித்த விவசாயிகளுக்கு வரும் இந்த நோயைத் தொழில்நோயாக ஏற்று இழப்பீடு தருகிறார்கள். அங்கே கேட்பது பத்து ஆண்டு மருந்தோடு வேலை செய்ததற்கான ஆதாரம். நம் பக்கம் எதை அடித்தோம் என்று கேட்டால் "நீலத் தண்ணி", "மூடி சிவப்பா இருக்குமே அது" என்ற அளவில்தான் நினைவு இருக்கும். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தேதி, புட்டியில் போட்டிருக்கும் வேதிப்பெயர், சதவீதம், எத்தனை டேங்க், யார் காடு என்று ஐந்து கட்டம் கோடு போட்டு வைத்தால் ஒரு பருவத்துக்கு இரண்டு பக்கம் கூட ஆகாது. புட்டியை ஓட்டை போடும் முன் சீட்டைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டால், எழுதத் தெரியாதவருக்கும் பேத்தி பிறகு எழுதிக் கொடுக்கலாம்.